பதினோராம் தாள்

லிபோவா,
11 பிப்ரவரி 1996

அன்பு மகள் ஹலினாவுக்கு,

இங்கே நானும் உன் எல்ஃப்ரிதா சித்தியும் சுகம். என் முழங்காலையும் அவளுடைய ரத்த அழுத்தத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளாமல் சொல்கிறேன். ஸ்காட்லாந்துக் கடல்காற்று உன்னை எப்படி வைத்திருக்கிறது? ஆஸ்பத்திரியில் இன்னும் வாரம் ஆறு நாள் வேலையா?

ஒரு காரியமாகத்தான் எழுதுகிறேன். எங்கள் பங்குக் கோவிலில் வருகிற நவம்பர் பதினொன்றாம் தேதி, சுதந்திர தினத்தன்று, ஒரு கல்வெட்டு திறக்கப்போகிறார்கள். போர்க்காலத்தில் மேற்கே நின்று போரிட்ட போலந்துப் படையில் இருந்த லிபோவா ஆட்களின் பெயர்கள் அதில் வரும். இதுவரை ஒன்பது பெயர். அதில் உன் அப்பா பெயர் இல்லை.

ஏன் இல்லை என்று கேட்கப் போனேன். கல்வெட்டுக் குழுவுக்குத் தலைவர் குபிட்சா. முப்பது வருடம் எங்கள் சுரங்க அலுவலகத்தில் ஆட்களின் கோப்புகளைக் கட்டி ஆண்ட மனுஷன். ஓய்வு பெற்ற பிறகும் அந்த மிடுக்கு போகவில்லை. கோவில் கூடத்தில் எல்லார் எதிரிலும் என்னைப் பார்த்துச் சொன்னார்: "ரூஃபின், உங்க அண்ணன் எவால்ட் ஜெர்மன்காரன் சட்டையிலதான் செத்தான். இத நான் சொல்லலப்பா, நீ சொன்னது. உன் படிவத்த நான்தான் வெச்சிருந்தேன். நாலு தடவ எழுதியிருக்க, நாலு தடவையும் அதேதான்."

அந்தக் காலத்தில் எல்லாரும் எதையாவது எழுதினோம். அதை விடு.

நடந்தது என்னவென்று உனக்குத் தெரியும். ஜெர்மன்காரன் எங்கள் சிலேசியாப் பகுதியைத் தனது என்று எழுதிக்கொண்டு, எங்கள் பையன்களை அள்ளித் தன் படையில் போட்டான். அண்ணன் நார்மண்டியில் கையைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விட்டான். பிரிட்டனில் இருந்த நம் படையில் சேர்ந்தான். ஜெர்மன்காரன் கையில் அகப்பட்டிருந்த எங்களுக்கு ஆபத்து வரக்கூடாதென்று தாடேயுஷ் வில்க் என்று பெயரை மாற்றிக்கொண்டான். அந்தப் பெயரோடே அங்கு வாழ்ந்து, சாகிற வாரத்தில்தான் தன் சொந்தப் பெயரை உன்னிடம் சொன்னான். நாலு வருடம் முன்பு நீ என் வாசலில் வந்து நின்று "நான் எவால்டின் மகள்" என்றபோது தெரு முழுக்க ஜன்னல் திறந்தது. ஆனாலும் மகள் சொல்வது காகிதம் ஆகாது என்கிறார் குபிட்சா.

காகிதம் வேண்டும், மகளே. அவனுடைய படைக்கோப்பு பிரிட்டனில் எங்கோ இருக்க வேண்டும். கல்தச்சர் செப்டம்பர் கடைசிக்குள் பெயர்களைக் கேட்கிறார். ஐம்பது வருடமாக இந்த ஊரில் ஜெர்மன் சிப்பாயின் தம்பியாக நடந்துவிட்டேன். சாவதற்கு முன் அண்ணன் பெயரைக் கல்லில் பார்க்க வேண்டும்.

உன் சித்தப்பா
ரூஃபின் லிகென்ஸா

பி.கு: சித்தி சொல்கிறாள்: "எளைச்சுப் போயிருப்பா. போன தடவையே உருளைக்கிழங்கு உருண்ட நாலுக்கு மேல உள்ள போகல."


கிர்கால்டி,
3 மார்ச் 1996

அன்புள்ள சித்தப்பாவுக்கும் சித்திக்கும் வணக்கம்.

உங்கள் கடிதம் வந்தபோது காய்ச்சலோடு படுத்திருந்தேன். இப்போது நலம். வார்டுக்கும் போகத் தொடங்கிவிட்டேன். சித்தியிடம் சொல்லுங்கள், நான் சாப்பிட்டது ஐந்து.

படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. அப்பா லினோலியம் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் நின்றார். பதக்கத்தை ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தார். யாரிடமும் காட்டியதில்லை. அவரை ஜெர்மன் சிப்பாய் என்று ஒருவர் சொல்லி, நீங்கள் அதைக் கேட்டுக்கொண்டு நிற்க நேர்ந்ததே என்று இருக்கிறது.

விசாரித்துவிட்டேன். நம் படையின் கோப்புகளையெல்லாம் லண்டன் ஓரத்தில் ஓர் அலுவலகம் பத்திரமாக வைத்திருக்கிறது. மகள் என்பதால் நான் கேட்டால் தருவார்கள். அப்பாவின் இறப்புச் சான்று, என் பிறப்புச் சான்று, கையெழுத்திட்ட படிவம், இவ்வளவுதான். ஆனால் படிவம் நீளம். அவருடைய பிறந்த தேதி, பெற்றோர் பெயர், வீட்டு எண், ஜெர்மன்காரன் அழைத்துக்கொண்டு போன வருடம் எல்லாம் எழுதி அனுப்புங்கள். வில்க் என்ற பெயரில் அவர் என்னென்ன சொல்லி வைத்தாரோ தெரியாது, இரண்டையும் எழுதிவிடுகிறேன்.

இன்னொரு கேள்வியும் உண்டு. போருக்குப் பிறகு அப்பாவிடமிருந்தோ, அவர் சார்பாக வேறு யாரிடமிருந்தோ வீட்டுக்குக் கடிதமோ விசாரணையோ ஏதாவது வந்ததா? அப்படி ஏதாவது இருந்தால் அதில் அவருடைய படை எண் இருக்கும், தேடுவது சுலபம்.

என் எழுத்துப் பிழைகளை மன்னியுங்கள். நான் கற்றது அப்பாவின் பட்டாளத்துப் போலிஷ். வசைச்சொற்கள் மட்டும்தான் சுத்தமாக வரும்.

அன்புடன்,
ஹலினா


லிபோவா,
27 மார்ச் 1996

அன்பு மகளுக்கு,

காய்ச்சல் விட்டது கேட்டு நிம்மதி. சித்தி உனக்காக ஒரு கம்பளிச் சட்டை பின்னுகிறாள். அளவு அவள் மனதில் இருக்கும் ஹலினாவுக்கு. உனக்குப் பொருந்துமா என்பது சட்டை வந்த பிறகு தெரியும்.

நீ கேட்டவை: எவால்ட் லிகென்ஸா, பிறப்பு 9 மே 1923. அப்பா பிரான்சிஷெக், சுரங்கத்தில் இறந்தவர். அம்மா மார்தா. தொழிலாளர் குடியிருப்பு, வீட்டு எண் 14. ஜெர்மன்காரன் கூப்பிட்டது 1942 கோடையில். நான் அவனைவிட ஆறு வயது சின்னவன். ஸ்டேஷன் வரைக்கும் அவன் பெட்டியை நான் தூக்கிக்கொண்டு போனேன். வண்டி கிளம்பும்போது அவன் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "அம்மாவப் பாத்துக்கடா. புறாவுக்கு மறக்காம தண்ணி வை." அண்ணன் வளர்த்த பந்தயப் புறாக்களின் வாரிசுகள்தான் இன்றும் என் கூண்டில் இருக்கின்றன. ஆண் புறாக்களில் ஒன்று சென்ற வருடம் செக் எல்லைக்கு அப்பாலிருந்து முதலாவதாக வந்தது.

1944 செப்டம்பரில் ஜெர்மன் தந்தி வந்தது, நார்மண்டியில் காணாமல் போனான் என்று. போர் முடிந்ததும் அந்தத் தந்தியை வைத்துத்தான் ஊரில் எங்களைப் பார்த்தார்கள். பள்ளியில் என் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. அவர்கள் வீட்டிலும் ஒருவனை ஜெர்மன்காரன் இழுத்துக்கொண்டு போயிருப்பான், ஆனால் எங்கள் தந்தி தெருவில் சத்தமாக வாசிக்கப்பட்டது, அதுதான் வித்தியாசம்.

ஈஸ்டருக்கு உனக்கு வண்ண முட்டை அனுப்ப முடியாது. வாழ்த்து மட்டும் அனுப்புகிறேன்.

உன் சித்தப்பா
ரூஃபின்


கிர்கால்டி,
22 மே 1996

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? சித்தியின் சட்டை வந்தது. நானும் பக்கத்து வீட்டுக்காரியும் சேர்ந்து போட்டுக்கொள்ளலாம். ஆனாலும் கழற்ற மனம் வரவில்லை.

கோப்பு வந்துவிட்டது. சமையலறை மேஜையில் பரப்பி வைத்துப் படித்தேன், டீ ஆறிப்போனது தெரியவில்லை.

அப்பா 1944 அக்டோபரில் ஸ்காட்லாந்தில் ஒரு கைதி முகாமிலிருந்து நம் படையில் சேர்ந்திருக்கிறார். காலாட்படை. டிசம்பரில் ஹாலந்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். குளிர்காலம் முழுக்க ஆற்றங்கரைக் காவல். "சுடுவதில் நன்று, ஒழுக்கம் நன்று, அதிகம் பேசமாட்டார்" என்று ஓர் அதிகாரி எழுதியிருக்கிறார். பேசமாட்டார் என்பதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பிறகு அழுதேன்.

பதக்கம் எதற்கென்று இப்போது தெரிந்தது. ஏப்ரல் 1945, ஜெர்மனிக்குள் ஒரு கால்வாய். பாராட்டுரையை அப்படியே எழுதுகிறேன்: "தாடேயுஷ் வில்க், எதிரி இடைவிடாது சுட்டுக்கொண்டிருந்தபோது, யாரும் உத்தரவிடாமலேயே, ரப்பர் படகில் மூன்று முறை கால்வாயைக் கடந்து, காயம்பட்டுக் கிடந்த நால்வரை மீட்டு வந்தார். மூன்றாம் முறை தோளில் குண்டு பட்ட பிறகும் துடுப்பை விடவில்லை." அதற்குத்தான் வீரச் சிலுவை. அந்தத் தோளைச் சின்ன வயதில் நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன். தொழிற்சாலையில் அடிபட்டது என்று சொல்லியிருந்தார்.

தாள்களின் நகல்களை இத்துடன் வைத்திருக்கிறேன். குபிட்சாவிடம் காட்டுங்கள். தலையை நிமிர்த்திக் காட்டுங்கள்.

அன்புடன்,
ஹலினா


லிபோவா,
10 ஜூன் 1996

என் தங்க மகளே,

உன்னைக் கடவுள் நன்றாக வைத்திருக்கட்டும். பாராட்டுரையை நான் எத்தனை பேரிடம் வாசித்தேன் என்று சித்தியைக் கேள். பால் கடையில் வாசித்தேன். முடிவெட்டும் கடையில், பாதி முகத்தில் சோப்போடு இருந்தவனுக்கு வாசித்தேன், அவன் கத்தியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றான். மூன்று முறை கடந்தான் எங்கள் எவால்ட், மூன்று முறை. எனக்கு அறுபத்தேழு வயது. சந்தோஷத்தில் மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறினேன், அதற்குரிய தண்டனையை முழங்கால் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

சித்தி சட்டென்று கேட்டாள்: "அவ்வளவு பெரிய ஆளா? இங்க இருந்தப்ப குளத்துல எறங்கவே பயப்படுவாரே." அதுவும் உண்மைதான். அண்ணனுக்கு நீச்சல் தெரியாது.

இனி கசப்பைச் சொல்கிறேன். குபிட்சா தாள்களை ஒவ்வொன்றாகக் கண்ணாடி போட்டுப் படித்தார். மரியாதையாகத்தான் படித்தார், அதை ஒப்புக்கொள்கிறேன். படித்துவிட்டுச் சொன்னார்: "வில்க்னு ஒருத்தன் பெரிய வீரன், சரி. பொறந்த ஊரு போஸ்னான்னு போட்டிருக்கு. அம்மா பேரு வேற. இவன்தான் எவால்ட்னு இதுல எங்க இருக்கு, ரூஃபின்? நாளைக்கு இன்னொருத்தன் வந்து வில்க் எங்க மாமான்னு சொன்னா நான் என்ன செய்ய?"

எனக்குக் கோபம் வந்தாலும் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எங்களைக் காப்பாற்ற அண்ணன் அவ்வளவு கச்சிதமாகப் பொய் சொல்லியிருக்கிறான், இப்போது அவனை அவனாக நிரூபிக்க முடியவில்லை. தன் சொந்தப் பெயரை அவன் எங்காவது சொல்லியிருக்கும் தாள் ஏதாவது அந்தக் கோப்பில் உண்டா? மறுபடி தேடிப் பார்.

உன் சித்தப்பா
ரூஃபின்


கிர்கால்டி,
1 ஜூலை 1996

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே மழை. தோட்டத்தில் உருளைக்கிழங்கு அழுகிவிட்டது. வார்டில் இரண்டு பேர் விடுப்பு, எனக்கு இரட்டை வேலை.

நீங்கள் கேட்டதைப் பார்த்தேன். உங்களுக்கு உதவக்கூடியதாக வேறு ஒன்றும் இல்லை. குபிட்சாவிடம் பாராட்டுரையை மட்டுமாவது கோவிலில் வாசிக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்களேன். கல்லில் பெயர் வராவிட்டாலும் எவால்ட் யார் என்று நமக்குத் தெரியும்.

முழங்காலுக்கு ஒரு களிம்பு அனுப்பியிருக்கிறேன். காலை ஒருமுறை, மாலை ஒருமுறை.

ஹலினா


லிபோவா,
8 ஆகஸ்ட் 1996

அன்பு மகள் ஹலினாவுக்கு,

களிம்பு நல்ல குணம் தருகிறது. சித்தி நலம். நான் ஒரு மாதத்துக்கு மேல் பதில் எழுதாததற்கு உடம்பு காரணமில்லை.

உன் கடைசிக் கடிதத்தைப் பத்து முறை படித்தேன். உனக்கு நன்றாக எழுத வரும், மகளே, மறைக்க வராது. பிறகு தாள்களை எடுத்து அடுக்கினேன். அந்த அலுவலகம் ஒவ்வொரு தாளின் மேல்மூலையிலும் எண் அடித்திருக்கிறது. ஒன்றிலிருந்து பதினான்கு வரை. பத்துக்கு அப்புறம் பன்னிரண்டு. பதினோராம் தாள் இல்லை.

அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் அதை எழுதியவன் நான்.

மார்ச்சில் நீ கேட்டாய், வீட்டுக்கு ஏதாவது விசாரணை வந்ததா என்று. எல்லாவற்றுக்கும் பதில் எழுதினேன், அதற்கு மட்டும் எழுதவில்லை. மே மாதத்துக்குப் பிறகு நீ அதைத் திரும்பக் கேட்கவும் இல்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

1949 அக்டோபர். எனக்கு இருபது வயது. சுரங்க மின்பணிப் பள்ளியில் இடம் கிடைத்திருந்தது. கம்யூனிஸ்ட் ஆட்சியின் பாதுகாப்புப் போலீஸ் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். மேற்கே போரிட்டவனெல்லாம் அவர்களுக்கு ஒற்றன். மேஜைமேல் செஞ்சிலுவைச் சங்கம் வழியாக வந்த ஒரு தாள். ஸ்காட்லாந்தில் இருக்கும் தாடேயுஷ் வில்க், தன் உண்மைப் பெயர் எவால்ட் லிகென்ஸா என்கிறான், வீட்டு எண் 14-இல் தாய் மார்தாவும் தம்பி ரூஃபினும் உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்கிறான். நான் அதைப் படிப்பதை அந்த அதிகாரி பார்த்துக்கொண்டே இருந்தான். எரிச்சல் இல்லாமல், சாவகாசமாகப் பேசினான்: "மேற்கத்திப் படையில இருந்தவன் உன் அண்ணன்னா, உனக்குப் பள்ளிக்கூடமும் கிடையாது, உங்க அம்மாவுக்குப் பென்ஷனும் கிடையாது, அந்த வீடும் கிடையாது. ஜெர்மன் பட்டாளத்துல செத்த அண்ணன்னா பரவால்ல, இங்க வீட்டுக்கு ஒருத்தன் அப்படி உண்டு. இப்ப சொல்லு தம்பி, இவன் யாரு?"

பேனாவை எடுத்து அந்தத் தாளிலேயே, கேள்விக்குக் கீழே எழுதினேன். தாடேயுஷ் வில்க் என்று யாரையும் தெரியாது. என் அண்ணன் 1944-இல் ஜெர்மன் படையில் இறந்துவிட்டான். வெளிநாட்டில் எங்களுக்கு யாரும் இல்லை. கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்து சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தேன் ஹலினா, அண்ணன் உயிரோடு இருக்கிறான் என்று. அப்புறம்தான் நான் என்ன எழுதிவிட்டு வந்திருக்கிறேன் என்பது புரிந்தது.

அதற்குப் பிறகு சுரங்கத்தில் ஒவ்வொரு படிவத்திலும் அதையே எழுதினேன். குபிட்சா சொன்ன நாலு தடவை அதுதான்.

அம்மாவிடம் ஏழு வருடம் சொல்லவில்லை. 1956-இல் ஆட்சியின் பிடி தளர்ந்து கொஞ்சம் மூச்சு விட முடிந்தபோது சொன்னேன். கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். பிறகு உட்கார்ந்து கேட்டாள்: "அங்க ரொம்பக் குளிருமாமே. நல்ல கோட்டு வெச்சிருப்பானா?" அந்த வருடம் நவம்பர் ஒன்றாம் தேதி கல்லறைத் தோட்டத்தில், தூரத்தில் செத்தவர்களுக்காக எல்லாரும் பெரிய சிலுவையடியில் மெழுகுவத்தி வைத்தார்கள். அண்ணனுக்காக வருடா வருடம் வைத்தவள் அன்று வைக்கவில்லை. கல்நெஞ்சக்காரி என்றார்கள். உயிரோடு இருக்கிறவனுக்கு எப்படி வைப்பாள், அதை வெளியில் எப்படிச் சொல்வாள்? இரண்டு வருடத்தில் போய்ச் சேர்ந்தாள். அவனுக்கு எழுத எங்களிடம் முகவரி இல்லை. அது அந்த மேஜையிலேயே இருந்துவிட்டது.

வில்க் என்ற பெயரும் எவால்ட் என்ற பெயரும் சேர்ந்து இருக்கும் தாள் அது ஒன்றுதான், இல்லையா? அப்படியென்றால் அதை எனக்கு அனுப்பு. என்னைக் காப்பாற்ற நினைக்காதே. அந்த வேலையை உன் அப்பா ஏற்கனவே செய்துவிட்டான்.

ரூஃபின்


கிர்கால்டி,
19 ஆகஸ்ட் 1996

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

ஆமாம். அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது.

முதலில் படித்தபோது உங்கள்மேல் கோபம் வந்தது. உங்களிடம் மறைப்பதில் பிரயோஜனம் இல்லை. அப்பா கிறிஸ்துமஸ் முந்தின நாள் மேஜையில் மூன்று வெற்றுத் தட்டு வைப்பார். ஒன்று வழிப்போக்கனுக்கு, அது எல்லாப் போலந்து வீட்டிலும் உண்டு. மற்ற இரண்டும் யாருக்கென்று என் ஸ்காட்டிஷ் அம்மா கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனாள். அந்த இரண்டு தட்டுகளும்தான் என் கண்முன் வந்தன. பிறகு கோபம் போய்விட்டது, வெட்கம் வந்தது. இருபது வயதில் என்னிடம் யாரும் அப்படிப் பேனாவை நீட்டியதில்லை.

ஆனால் இப்போதைக்கு அனுப்பமாட்டேன். நகல் எடுத்தவர்கள் முன்பக்கத்தை மட்டும் எடுத்திருக்கிறார்கள். பின்பக்கத்திலும் ஏதோ எழுதியிருக்கிறது. மை இந்தப் பக்கம் நிழலாகத் தெரிகிறது. பின்பக்கம் கேட்டு எழுதியிருக்கிறேன். அதில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் பாதித் தாளை உங்கள் கையில் கொடுக்க எனக்கு மனம் இல்லை. பொறுங்கள்.

சித்தி உங்களைப் பார்த்துக்கொள்ளட்டும்.

ஹலினா


லிபோவா,
2 செப்டம்பர் 1996

ஹலினாவுக்கு,

உடம்பு சுகம். கூட்டம் இருபத்தொன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் பிறகு. அதுதான் கடைசி. பின்பக்கத்தில் அவன் என்னைச் சபித்திருந்தாலும் சரி, அனுப்பு.

சித்தியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நாற்பது வருடம் குடும்பம் நடத்தியும் சொல்லாததை. "சாப்பிட வாங்க" என்றாள்.

ரூஃபின்


கிர்கால்டி,
14 செப்டம்பர் 1996

அன்புள்ள என் சித்தப்பாவுக்கு,

நேற்று வந்தது. இரண்டு பக்கங்களையும் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். தபால்காரன் தாமதித்தாலும் நீங்கள் தாமதமாகத் தெரிந்துகொள்ளக் கூடாதென்று பின்பக்கத்தை இங்கேயும் எழுதுகிறேன். அப்பாவின் கையெழுத்து. தேதி 3 டிசம்பர் 1949.

"இந்தப் பதிலை எனக்குக் காட்டினார்கள். இது என் தம்பி ரூஃபினின் கையெழுத்து. அவன் உயிரோடு இருக்கிறான். அவன் எழுதியிருப்பது உண்மையல்ல. ஆனால் இதைத் தவிர வேறு எழுதியிருந்தால் அவனை முட்டாள் என்பேன். தாயைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தேன், பார்த்துக்கொள்கிறான். என் பெயரால் அந்த வீட்டுக்கு இனி விசாரணை எதுவும் போக வேண்டாம். அவர்களுக்கு ஆபத்து. எவால்ட் லிகென்ஸா, படையில் தாடேயுஷ் வில்க்."

சித்தப்பா, அவர் எழுதாமல் இருந்தது கோபத்தால் இல்லை. நீங்கள் அங்கே எழுதாமல் இருந்ததும் அவர் இங்கே எழுதாமல் இருந்ததும் ஒரே காரணத்துக்காக. எனக்கு உங்கள் இருவரையும் நினைத்தால் பெருமையாக இருக்கிறது. இதை அப்பாவிடம் சொல்ல முடியாது, உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

வேண்டாம் என்று தோன்றினால் முன்பக்கத்தைக் காட்டாதீர்கள். பின்பக்கம் மட்டுமே போதும். அதில் இரண்டு பெயரும் இருக்கிறது.

உங்கள் மகள்,
ஹலினா


லிபோவா,
4 அக்டோபர் 1996

என் மகள் ஹலினாவுக்கு,

சுகமாக இரு, நன்றாக இரு, சித்தி சொல்கிறபடி நன்றாகச் சாப்பிடு. நான் எப்படி இருக்கிறேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

பின்பக்கம் மட்டும் போதும் என்று எழுதியிருந்தாய். இரண்டு நாள் நானும் அப்படித்தான் நினைத்தேன். அப்புறம் யோசித்தேன். "அவன் எழுதியிருப்பது உண்மையல்ல" என்று அண்ணன் எழுதியிருக்கிறான். எவன், எதை எழுதினான் என்று கேட்பார்களே. அண்ணனை நிமிர்த்தி நிறுத்திவிட்டு நான் அவன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதா? அறுபத்தேழு வயதில் அது அசிங்கம்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். கோவில் கூடத்தில் முப்பது பேர் இருக்கும். முன்பக்கத்தை நானே சத்தமாக வாசித்தேன். செஞ்சிலுவைச் சங்கத்தின் கேள்வியை வாசித்தேன். கீழே நான் எழுதியிருந்ததையும், என் கையெழுத்தையும், தேதியையும் வாசித்தேன். பிறகு தாளைத் திருப்பி அண்ணன் எழுதியதை வாசித்தேன். "வேறு எழுதியிருந்தால் அவனை முட்டாள் என்பேன்" என்ற இடத்தில் யாரோ சிரித்தார்கள், நல்ல சிரிப்பு.

குபிட்சா கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "அப்ப அந்த நாலு படிவம்?"

"நாலும் பொய்."

"எழுதிக் குடுப்பியா?"

"அதுக்குத்தான் பேனா கொண்டாந்திருக்கேன்."

எல்லார் எதிரிலும் எழுதினேன். என் அண்ணன் எவால்ட் லிகென்ஸா போலந்துப் படையின் சிப்பாய், வீரச் சிலுவை பெற்றவன். அவன் ஜெர்மன் படையில் இறந்தான் என்று நான் 1949 முதல் எழுதியதெல்லாம் பொய். எங்கள் தாயையும் வீட்டையும் காப்பாற்ற எழுதினேன். குபிட்சா அதை வாங்கி, இரண்டு முறை படித்து, பத்தாவது பெயரைப் பட்டியலில் தன் கையாலேயே எழுதினார். கல்லில் இப்படி வரும்: எவால்ட் லிகென்ஸா, படையில் தாடேயுஷ் வில்க்.

கடிதத்தை இத்தோடு முடிக்கலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் நடந்தது இன்னும் இருக்கிறது.

நான் உட்காரும்போது கடைசி பெஞ்சிலிருந்து தேயோஃபில் எழுந்தான். சுரங்கத்தில் பளுதூக்கி ஓட்டியவன், வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. "என்னையும் கூப்பிட்டாங்க. அம்பதுல. மாமா பையன் இத்தாலியிலேர்ந்து எழுதியிருந்தான். நானும் இதையேதான் எழுதுனேன்." சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான். பிறகு சுரங்கத் தீயணைப்பில் இருந்த ஹூபெர்ட், கணவனைப் பற்றி லூசியா. கூட்டம் முடிந்து வெளியில் வந்ததும் இன்னொருவன், அவனும் அப்படி எழுதியவன்தான், என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. நாலு வீடு, மகளே. ஐம்பது வருடமாக ஒரே தெருவில் நின்று ஒருவரையொருவர் ஜெர்மன் சிப்பாயின் சொந்தம் என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

செவ்வாய்க்கிழமை புறாக்கூண்டில் தீனி போட்டுக்கொண்டிருந்தேன். குபிட்சா ஏணியில் மூச்சு வாங்க ஏறி வந்தார். இதுவரை என் வீட்டு வாசலைக்கூட மிதிக்காதவர். ஒரு புறாவைக் கையில் எடுத்து அதன் இறக்கையை விரித்துப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எல்லார் படிவமும் என் அலமாரியில இருந்துச்சு, ரூஃபின். எங்க அண்ணன் பத்தின படிவமும். அத நானே எழுதி, நானே சரிபாத்து, நானே உள்ள வெச்சேன்."

நான் தீனிக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

"ஸ்காட்லாந்துல இருக்கிற உன் பொண்ணுக்கு எழுதுவியா?" என்று கேட்டார்.

கல்தச்சரிடம் பேசிவிட்டார். கல் முன்பு சொன்ன அளவைவிட ஒரு சாண் நீளமாக வருகிறது. நவம்பர் பதினொன்றாம் தேதி பத்துப் பெயரோடு திறக்கிறோம், நீ அன்று இங்கே என் பக்கத்தில் நிற்க வேண்டும், விடுப்புக்கு இன்றைக்கே எழுதிக் கொடு. பெயர்களுக்குக் கீழே ஐந்து வரிக்கு இடம் வெறுமையாக விட்டிருக்கிறது.

நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்டால், நன்றாக இருக்கிறேன். தெருவில் மெதுவாக நடக்கிறேன், முழங்காலுக்காக அல்ல.

வரும்போது அந்த அலுவலகத்தின் விண்ணப்பப் படிவம் ஐந்து கொண்டு வா. குபிட்சாவுடையதை நானே நிரப்பித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இதுவரை எழுதிய படிவங்களே அவருக்குப் போதும்.

உன் சித்தப்பா,
எவால்டின் தம்பி
ரூஃபின்